நாற்பத்தொன்றாம் வில்லை

"சுரங்கம் தோண்டி முடிச்சா, அந்தப் பக்கம் என்னப்பா இருக்கும்?"

வேலை தொடங்கிய முதல் நாள், அப்பா மறந்துவிட்டு வந்த சாப்பாட்டைக் கொண்டுவந்த ஆறு வயதுச் சிறுமி கேட்டாள். மலையைக் குடைய வந்த எவருக்குமே அது தெரியாது.

"நான்தான் முதல்ல பாப்பேன். பாத்துட்டு வந்து சொல்றேன், போதுமா?" என்று அவளுக்கு வாக்குக் கிடைத்தது.

நான்கு வருடமாகிறது. அந்த வாக்கு சுரங்கத் தொழிலாளி நெட்டையின் தூக்கத்திலும் வரும். கனவில் மலை பஞ்சாய் விலகும். அந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்கப் போகும்போது விழிப்பு வந்துவிடும்.

இன்று பாறையில் மிச்சம் ஒரு முழம்தான். கடைசித் துளையைத் தானே போட வேண்டும் என்று ஒரு வாரமாக மேஸ்திரியை நச்சரித்துக்கொண்டிருந்தான். அது பெரிய அதிகாரியின் உரிமை என்று சொல்லிவந்தவர், காலையில் மனம் இளகிவிட்டார்.

"போய்த் தொலை. தலையை இடிச்சுக்காதே. உன் உசரத்துக்கெல்லாம் மலையைக் குடைய முடியாது."

சுரங்க வாயிலில் இரண்டு பலகைகள்: 'உள்ளே', 'வெளியே'. உள்ளே போகிறவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை 'உள்ளே' பலகையில் மாட்ட வேண்டும். திரும்பி வந்தால் 'வெளியே'க்கு மாற்ற வேண்டும். நெட்டை தன் நாற்பதை மாட்டினான். பக்கத்தில் தொங்கிய நாற்பத்தொன்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பலகையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா நிமிர்ந்தாள். "தம்பி, அடுத்தவங்க வில்லையை எடுக்கக் கூடாது. வேலை போயிடும்."

"தெரியும்க்கா."

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, விழாத பென்சிலைத் தேடுவதுபோல் மேஜைக்கடியில் குனிந்துகொண்டாள்.

உள்ளே, யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் அதிர்ந்துகொண்டிருந்த துளைக் கருவி திடீரென்று இலேசானது. கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. தூசிக்குள் பால்போல வெளிச்சம் கசிந்தது. தூசி அடங்கும்வரை யாரும் கிட்டே போக வேண்டாம் என்று மேஸ்திரி தூரத்திலிருந்தே மற்றவர்களைத் தடுத்தார்.

நெட்டை கண்களை இறுக மூடிக்கொண்டான். வில்லையை எடுத்து இமைகளில் ஒற்றி, கடவுளை நினைத்து, கையைத் தோள்வரை ஓட்டைக்குள் நீட்டினான். ஈரக் காற்று விரல்களைத் தொட்டது.

"முதல்ல நீங்க பாருங்கண்ணே" என்று முணுமுணுத்து, விரல்களை விரித்து வில்லையை நழுவவிட்டான்.

அதன் பிறகே கையை இழுத்துக்கொண்டு, கண்ணைத் திறந்து தானும் பார்த்தான். பனி. நனைந்த புல். தலையைத் தூக்கி இவனையே பார்த்த ஒரு வெள்ளைக் குதிரை. சிறுமியிடம் சொல்ல இது போதும்.

கல்யாணமே ஆகாத நெட்டைக்கு ஏது மகள்? அவன் காய்ச்சலில் படுத்த ஒருநாள், அவனுக்குப் பதிலாக உள்ளே போய், பாறைச் சரிவில் சிக்கி அங்கேயே தங்கிவிட்ட, அந்தச் சிறுமியின் அப்பாவுடைய வில்லை, மூன்று வருடம் கழித்து வெளியே வந்திருந்தது.