கீழ்வீட்டுச் சுவரில் ஈரம்

“ஈரத் துணியை வீட்டுக்குள்ள காயப்போடாதேன்னு எத்தனை தடவைதான் சொல்லுதது, ஹனீன்?”

ஸ்வீட்லின் டீச்சர் குரலை உயர்த்தவில்லை. கீழ்வீட்டுப் படுக்கையறைச் சுவரை விரலால் தொட்டார். காரை பொலபொலவென்று உதிர்ந்தது. மேல் மூலையில் கறுப்பாகப் பூசணம்.

“இனிமே போடல, டீச்சர்.”

“மாடியில நாங்களும்தான் இருக்கோம். எங்க சுவரு இப்படியா இருக்கு?”

“என் தப்புதான்.”

ஹனீன் அந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருஷம். கணவன் நாசர் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறான். மகள் தஸ்மியா நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி என்பதால்தான் பாளையங்கோட்டையில் இந்த வீட்டைப் பிடித்தார்கள்.

மாடியில் வீட்டுக்காரர்கள். டீச்சர் காலையில் பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவார். அவர் கணவர் பாக்கியசீலன் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பார்.

சுவர் விஷயத்தைக் கேட்டு, பெங்களூரில் இருக்கும் மகன் ஜெனோ ஒரு மெஷின் வாங்கி அனுப்பினான். டிஹியூமிடிஃபையர். டீச்சரே கீழே கொண்டுவந்து மாட்டினார்.

“இது காத்துல இருக்க ஈரத்தை இழுத்து, அடியில தொட்டியில தண்ணியா விட்டுரும். ஓடும்போது ஜன்னலை அடைச்சிரணும். தொட்டி நிறைஞ்சா தானா நின்னுரும். கொட்டிட்டுத் திரும்ப மாட்டு.”

“சரி டீச்சர்.”

பத்து நாள் ஓடியது. சுவர் காயவில்லை. தொட்டி மட்டும் காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் நிறைந்தது.

டீச்சர் மகனுக்கு போன் போட்டார்.

“பங்குனி வெயில்ல இவ்வளவு தண்ணியா?” என்றான் ஜெனோ. “துணி காயப்போட்டா மட்டும் இப்படி வராதும்மா. தண்ணி எங்கேயோ ஊறிக்கிட்டே இருக்கு. மெஷினால அதை நிறுத்த முடியாது. அவங்க என்ன செய்யுதாங்கன்னு கேளுங்க.”

டீச்சர் கீழே வந்தார்.

“உண்மையைச் சொல்லு. வீட்டுக்குள்ள தண்ணியை எங்கன கொட்டுத?”

ஹனீன் குனிந்து மெஷின் தொட்டியைக் கழற்றினாள்.

“உன்கிட்டதான் கேக்கேன்.”

“இனிமே கவனமா இருக்கேன், டீச்சர்.”

இதைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை. மறுத்தாலாவது பேசலாம். கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, செய்வதை மட்டும் நிறுத்தாத ஆளை என்ன செய்வது?

“பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும். அதுக்கப்புறம் வேற வீடு பாத்துக்கோ.”

ஹனீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒருதரம் மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

“சரி டீச்சர்” என்றாள்.

அடுத்த புதன்கிழமை மதியத்தோடு பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. இரண்டு மணிக்கெல்லாம் டீச்சர் வீடு வந்து சேர்ந்தார்.

கீழ்வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

மாடிப்படி ஏறினார். அவர் வீட்டு வாசலில் ஹனீனின் செருப்பு கிடந்தது.

டீச்சருக்குச் சுருக்கென்றது. சாப்பிட்டுவிட்டுக் கணவர் தூங்குகிற நேரம் இது. நாம் இல்லாத வேளையில் இவளுக்கு உள்ளே என்ன வேலை? இது எத்தனை நாளாக நடக்கிறது?

சத்தமில்லாமல் உள்ளே போனார்.

குளியலறை முழுக்கத் தண்ணீர். வாளி நிரம்பி வழிந்திருந்தது. ஹனீன் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாரியலால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சுவரோரம் டைல்ஸ் வெடித்திருந்த இடுக்கில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழேதான் அவளுடைய படுக்கையறை.

பாக்கியசீலன் நனைந்த வேட்டியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். முதுகைக் காட்டி நின்றதால் மனைவி வந்ததை அவர் பார்க்கவில்லை.

“இன்னைக்கு ஒரு நாள்தாம்மா குழாயை அடைக்க மறந்துட்டேன்” என்றார் அவர். “இதுவரைக்கும் எனக்கு இப்படி ஆனதே இல்ல. டீச்சர்கிட்ட சொல்லிராத. பயந்துருவா.”

“சொல்ல மாட்டேன், சார். நீங்க போய்க் கட்டில்ல இருங்க. வழுக்கும். பைய போங்க.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனார்.

திரும்பிய ஹனீன் டீச்சரைப் பார்த்துவிட்டாள். வாரியலைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

டீச்சருக்குக் கோபம் பாதி குறைந்திருந்தது, பாதி அப்படியே இருந்தது.

“ஒரு நாள் குழாயை அடைக்க மறந்தது அவ்வளவு பெரிய குத்தமா, ஹனீன்? யாருக்குத்தான் மறக்காது? இதைப் போய் ரெண்டு பேரும் எங்கிட்ட மறைக்கணுமா?”

ஹனீன் பக்கத்து அறையை ஒருமுறை பார்த்துவிட்டு, அவருக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்:

“நாலு மாசமா தினமும் இதையேதான் சொல்லுதாங்க, டீச்சர்.”