மூட வேண்டாத கோப்பு

“கடை பூட்டி ஒரு வருசமெண்டால் அண்ணைக்கு வரியே இல்லை, அக்கா. கோப்பை மூடிவிடுறன்,” என்றார் வருமான வரிக் கந்தோரில் எழுத்தராக இருந்த லியோன். கணவர் சபாநாதனின் படிவத்தோடு வந்திருந்த குணலட்சுமி பதறிப்போனாள்.

“ஐயோ, மூடாதேங்கோ தம்பி! அவரின்ரை பேரிலை கொஞ்ச வருமானம் எழுதுங்கோ. நான் தைக்கிற காசிலை வரியைக் கட்டுறன்.”

லியோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சனம் வரியைக் குறைக்கச் சொல்லி என்ரை காலிலை விழுகுது. நீங்கள் கூட்டச் சொல்லுறியள். அண்ணை என்ன, கனடா விசாவுக்குக் காட்டப் போறாரோ?”

“இல்லைத் தம்பி.”

“பொய்க் கணக்கு எழுதேலாது அக்கா. அவரையே ஒருக்கா வரச் சொல்லுங்கோ, கதைப்பம்.”

குணலட்சுமி மேசையோரம் குனிந்து தணிந்த குரலில் சொன்னாள்.

“போன ஆடியிலை பருத்தித்துறை பஸ்ஸிலை வைச்சு ஆமிக்காரர் அவரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். முகாமிலை கேட்டால், அப்பிடி ஒராளைத் தங்களுக்குத் தெரியவே தெரியாதாம். கிராமசேவகர் மரணப் பதிவுக்கு எழுதித் தரச் சொல்லுறார்.”

லியோனின் பேனா நின்றது.

“அவர் உயிரோடை இருக்கிறாரெண்டு நினைச்சு, இன்னும் அவரின்ரை பேருக்குக் கடிதம் போடுறது அரசாங்கத்திலை உங்கடை கந்தோர் மட்டும்தான், தம்பி.”

லியோன் ஒரு புதிய தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

“திரு. வே. சபாநாதன் அவர்களுக்கு, தாங்கள் எமது அலுவலகத்துக்குக் கட்டாயம் நேரில் சமுகமளிக்க வேண்டும்.”