சுவரோர இருக்கை

"டேய் கெழவா! கைத்தடி எங்கடா? வீட்லயே மறந்துட்டியா?"

மார்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து இருக்கை வெர்ன் டூலி, மடி நிறைய வேர்க்கடலைத் தோலோடு, கீழே மைதானத்தில் நின்ற பாத்திஸ்தாவைப் பார்த்துத்தான் கத்தினார்.

பதினாறு வருஷமாக இந்த ஒஹாயோ ஊரின் பேஸ்பால் அணியில், மைதானத்தின் கடைசிச் சுவரோரம் நின்று உயரப் பந்துகளைப் பிடிப்பவர் பாத்திஸ்தா. வயது முப்பத்தொன்பது. வரும் ஞாயிற்றுக்கிழமையோடு ஓய்வு. அவருடைய எண் போட்ட சட்டையைத்தான் மார்லா அணிந்திருந்தாள்.

"கொஞ்சம் மரியாதையாப் பேசக் கூடாதா?"

"டிக்கெட்டும் என்னுது, தொண்டையும் என்னுதும்மா."

அப்போது பந்து ஒன்று வானத்துக்கு ஏறியது. பாத்திஸ்தா இவர்கள் இருக்கைக்குக் கீழிருந்த சுவரை நோக்கி ஓடி வந்தார். கண் முழுக்கப் பந்தின் மேல். புல் முடிந்து, சுவரை ஒட்டிய செம்மண் பட்டையில் கால் பட்ட அதே நொடி...

"கெழவாஆஆ!"

மூன்றே எட்டு வைத்தார். எகிறினார். பந்து கையுறைக்குள். தோள் சுவரை உரசக்கூட இல்லை.

மார்லாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பின்னந்தலையிலும் கண் உள்ள மனுஷன்! இவரைப் போய்...

மைதானத்தின் புகார் எண்ணுக்குச் செய்தி தட்டினாள். ஐந்தே நிமிஷத்தில் இரண்டு காவலர்கள். வெர்ன் வாதாடவில்லை. போகும்போது மட்டும், "தப்புப் பண்ணிட்டியேம்மா" என்றார்.

அடுத்த உயரப் பந்து. பாத்திஸ்தா ஓடினார். ஓடிக்கொண்டே இருந்தார்.

டமார்!

சுவரில் மோதி விழுந்தவர், ஒன்றுமில்லை என்று கையசைத்தபடி எழுந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"இங்க கத்திட்டே இருப்பாரே, எங்க அவர்?"

"தொல்லை விட்டுது சார். நான்தான் வெளியே அனுப்ப வெச்சேன்."

அவர் முகம் வெளுத்தது. குரலைத் தாழ்த்தினார்.

"என் சட்டையைப் போட்டிருக்கீங்க, அதனால சொல்றேன். ரெண்டு வருஷமா பாதம் மரத்துப்போச்சு. மிதிக்கிறது புல்லா மண்ணான்னு தெரியாது. மண்ணுல கால் வெச்சதும் அவர் குரல் குடுப்பார். சுவர் மூணு எட்டுல இருக்குன்னு அர்த்தம்."

"அதுக்கு... 'சுவர்'னே கத்தலாமே?"

"அணியில தெரிஞ்சா அன்னிக்கே உக்கார வெச்சிடுவாங்க. கெழவான்னு கத்தினா யாருக்குச் சந்தேகம் வரும்?"

கடைசிச் சுற்று. ஊர் அணிக்கு ஒரே ஒரு ஓட்டம்தான் முன்னிலை. பந்து மேலே, இன்னும் மேலே. எல்லோரும் பந்தைப் பார்க்க, மார்லா அந்தக் கால்களையே பார்த்தாள்.

புல். புல். மண்!

பிறந்ததிலிருந்து ஒருவரையும் மரியாதை குறைத்துப் பேசி அறியாத மார்லா எழுந்து நின்றாள்.

"டேய் கெழவாஆஆ!"

மூன்று எட்டு. எகிறல். சுவருக்கு மேலே நீண்ட கையில் பந்து. அரங்கமே எழுந்து நின்றது.

பின்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும், மார்லாவை முறைத்துக்கொண்டே, கைப்பேசியில் புகார் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.