ராவிய இலைகள்

கல்லாகிப்போன இலைகளைப் பார்த்து அந்தக் காலத்து வானிலையைச் சொல்வது பேராசிரியரின் தொழில். வழவழப்பான ஓரமுள்ள இலைகள் மிகுந்தால் வெப்பம். பல் பல்லான ஓரமுள்ளவை மிகுந்தால் குளிர். இந்த ஊர் ஒரு காலத்தில் கொதித்தது என்று மேடைக்கு மேடை முழங்கிவிட்டார். பிறகு தோண்டி எடுத்தவற்றுக்கெல்லாம் பல் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அத்தனை பல்லையும் அரத்தால் ராவி வழவழப்பாக்கினார்.

பாராட்டு விழாவுக்குக் கிளம்பும்போது மனைவி கேட்டாள்.

“இந்தப் புழுக்கத்துல கோட்டா?”

“விஞ்ஞானின்னா ஒரு கெத்து வேணாமா?”

“கெத்துக்கு வேர்க்காதாக்கும்.”

அவருக்கு வேர்க்கவில்லை.

“அன்று இங்கே கடும் வெப்பம்” என்று மேடையில் தொடங்கினார். பனிக்காலத்தில் வருவதுபோல் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. முன்வரிசையில் விசிறிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். மனைவி தரையைப் பார்த்தாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் ஆவி கசிந்தது.