வில்கமுவைக்குப் போகாத வண்டி

“மூணு வெள்ளிக்கிழமை ஜமால்தீன். மூணு தரமும் நாவுல டவுனைத் தாண்டல. வில்கமுவன்னா மட்டும் ஒன்ட மோட்டார் சைக்கிளுக்கு என்ன வருத்தம் வருது?”

ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் முற்றத்தில் நின்று தம்பியை அதட்டினார். டிராக்டர் பெட்டியில் ஏற்றிவந்து இறக்கிய வண்டியின் பக்கத்தில் ஜமால்தீன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அண்ணனை எதிர்த்து அவர் ஒரு வார்த்தை பேசி நாலந்தாவில் யாரும் கேட்டதில்லை.

கதவுத் திரைக்குப் பின்னால் ஜமால்தீனின் மகள் றமீஸா ஓசைப்படாமல் மூச்சு விட்டாள். உம்மா மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகு அந்த வீட்டில் எல்லாம் பெரியவாப்பா வைத்ததுதான் சட்டம். வில்கமுவ அரிசி ஆலைக்காரருக்கு அவளைக் கொடுப்பதென்று அவர் முடிவு செய்துவிட்டார். பெண்ணின் வாப்பா நேரில் போய்த் தன் வாயால் வாக்குக் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் ஒன்றுதான் பாக்கி. அந்த வாப்பாதான் இன்னும் போய்ச் சேரவில்லை.

ஹாஜியார் தம்பியை விடவில்லை. “நீ கழட்டி ஊதினதும் சரிவரல. கொழும்புல இருந்து எடுப்பிச்சு நான் ஊத்தின மருந்தும் சரிவரல. டேங்குல ஊத்தினாப் போதும், காபரேட்டர் அழுக்கெல்லாம் தானாக் கரையும்னு போத்தல்லயே போட்டிருக்கே.”

“மருந்து நல்லதுதான் ஹாஜியார்.” தரையில் குந்தியிருந்து காபரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்த ஹுசைன் தலைநிமிராமல் சொன்னான். சந்தியில் கராஜ் வைத்திருப்பவன். ஆறு மாதத்துக்கு முன் றமீஸாவைப் பெண் கேட்டு வந்து, ஹாஜியாரிடம் ‘எண்ணெய்க் கையன்’ என்ற பட்டத்தோடு திரும்பியவன். ஊரில் வேறு மெக்கானிக் இல்லாததால்தான் இன்று முற்றத்துக்குள் விடப்பட்டிருந்தான்.

பெற்றோல் வரும் சின்ன ஜெட்டை அவன் வெயிலுக்கு நேரே பிடித்தான். ஓட்டை தெரியவில்லை. மெல்லிய கம்பியால் குத்தியதும் வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது.

“மணந்து பாருங்க,” என்று ஹாஜியாரின் மூக்கருகே நீட்டினான்.

ஹாஜியார் மூக்கைச் சுளித்தார். “பெருநாள் உடுப்பு மணக்குது.”

“அலுமாரிக்குள்ள போடுற பூச்சி உருண்டை. இழுவை கூடும்னு சில பேர் டேங்குல ஒண்ணு போடுவாங்க. இதுல கை நிறையப் போட்டிருக்கு. பெற்றோல்ல கரைஞ்சு வந்து ஜெட்ல உறையுது. இது டேங்குல விழுற வரைக்கும் எந்த மருந்து ஊத்தியும் பலனில்ல.”

“ஓ. போட்டவனே எடுத்தும் காட்டுறியா? ஜும்ஆத் தொழுகை நேரம் வண்டி ஒன்ட கராஜ் வாசல்லதானே நிக்குது. கராஜ் இருக்கிற காணி என்ட காணி. நாளைக்கே சாமானைத் தூக்கு.”

ஹுசைன் எழுந்து கையைத் துணியில் துடைத்தான். “தூக்குறேன் ஹாஜியார். ஆனா செய்யாததைச் செஞ்சேன்னு ஒத்துக்க மாட்டேன்.”

திரை விலகியது. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி றமீஸா முற்றத்தில் இறங்கினாள்.

“அவர் போடல. நான்தான் போட்டேன்.”

“என்னடி சொன்ன?”

“அலுமாரித் திறப்புக் கொத்து என்ட கையிலதானே இருக்கு. வாப்பா விடியச் சுபஹுத் தொழப் பள்ளிக்குப் போன நேரம் போட்டேன்.”

“வெக்கமில்ல?”

“எனக்கு வேணாம்னு எத்தன தரம் சொன்னேன் பெரியவாப்பா. ஒரு தரமாவது உங்களுக்குக் கேட்டுச்சா? நாலாவது வெள்ளிக்கிழமையும் வாப்பாவை அனுப்பிப் பாருங்க. மாத்தளைக் கடையில உருண்டை இன்னும் தீரல.”

ஹாஜியார் தம்பியின் பக்கம் திரும்பினார். “கேட்டுட்டு மரம் மாதிரி நிக்கிறியே?”

ஜமால்தீன் தொப்பியிலிருந்த தூசியைத் தட்டினார். “நீங்களே சொல்லுங்க நானா,” என்றார் அண்ணனிடம்.

“என்னத்தைச் சொல்ல? இந்த வாயை அந்த வீட்டுக்கு அனுப்பி நான் மானம் கெட ஏலாது. வேணாம்னு இன்னைக்கே ஆள் அனுப்புறேன். இனி இவ கல்யாணப் பேச்சுக்கு என்னைக் கூப்பிடாதே. அந்த எண்ணெய்க் கையனுக்கே வேணும்னாலும் குடு.”

குடையை விரித்துக்கொண்டு அவர் நடந்தார். ஹுசைன் மறுபடி குந்தி, ஜெட்டைப் பூட்டத் தொடங்கினான்.

ஜமால்தீன் மகளின் பக்கத்தில் வந்தார். “ஏன் மகள் பொய் சொன்ன?”

றமீஸாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அவர் கராஜ் போயிடுமேன்னுதான்... அது பொய்யின்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும் வாப்பா?”

அண்ணனின் குடை வளைவில் மறையும் வரைக்கும் ஜமால்தீன் தெருவையே பார்த்திருந்தார். பிறகு இடுப்பு வாரிலிருந்த பையைத் திறந்து, ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே நாலு வெள்ளை உருண்டைகள்.

“மிச்சம்,” என்றார். “கல்யாணச் சாரிக்குள்ள போட்டு வை. இனி வண்டிக்குத் தேவைப்படாது.”