பத்து நாள் மௌனம்

ரயில் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் நிற்பதே இரண்டு நிமிடம். இன்று சிக்னல் விழாமல் ஆறாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தபோது, வழியனுப்ப வந்த ஆண்ட்ரூ தானும் ஏறிக்கொண்டான்.

"கே.ஆர்.புரம் வரைக்கும் வரேன் டாடி. அங்க இறங்கி மெட்ரோ பிடிச்சா நேரா ஒயிட்ஃபீல்ட், ஆபீஸ். உங்களுக்கும் துணையா இருக்கும்."

சொல்லிக்கொண்டே அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தும்விட்டான்.

அப்பா சில்வெஸ்டர் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். கே.ஆர்.புரத்தில் இறங்கப்போவது அவர்தான்.

ஊரைப் பொறுத்தவரை அவர் போவது ஜோலார்பேட்டைக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு தியான மையத்துக்கு. பத்து நாள் மௌனம். கைப்பேசியைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். போன ஞாயிறு பூசை முடிவில் பங்குத்தந்தை அதை அறிவித்தபோது இரண்டு பேர் கைதட்டினார்கள்.

உண்மையில் அவர் போவது கே.ஆர்.புரத்தில் இருக்கும் நண்பர் ஆஷ்லியின் பூட்டிய வீட்டுக்கு. ஆஷ்லியும் மனைவி ஜூலியாவும் மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போயிருந்தார்கள். சாவி சட்டைப் பையில் இருந்தது. விஷயம் தெரிந்தவர் ஆஷ்லி ஒருவர்தான்.

குடி, சீட்டாட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே போய் அவர் செய்ய நினைத்தது ஒன்றுதான். நிம்மதியாக இருமுவது.

ஜோகுபாளையம் வீட்டில் அவர் இருமினால் அது வெறும் இருமல் இல்லை. மனைவி பவுலின் டிவி சத்தத்தைக் குறைப்பாள். ஆண்ட்ரூ போனைக் கவிழ்த்து வைப்பான். மருமகள் கேரல் வெந்நீரோடு வருவாள். மூன்று பேர் வந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மனிதர் ஏதாவது புத்தி சொல்லித்தானே ஆகவேண்டும்?

சொல்வார்.

சொன்னதும் வீடு இன்னும் அமைதியாகும். அந்த அமைதி அவருக்கே பயமாகி, மறுபடி இருமல் வரும்.

இதைத்தான் பதினோரு வருடமாகப் பங்குக் கோயிலின் திருமணத் தயாரிப்பு வகுப்பில் கரும்பலகையில் படம் வரைந்து விளக்குகிறார். குடும்பம் என்பது ஒரே நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மைகள். ஒன்றைத் தொட்டால் எல்லாம் ஆடும். சான்றிதழ் இல்லாமல் கோயிலில் கல்யாணம் நடக்காது என்பதால் ஜோடிகள் கடைசிவரை உட்கார்ந்து கேட்பார்கள். தொடுகிற கை யாருடையது என்று இதுவரை ஒரு ஜோடியும் கேட்டதில்லை.

இப்போது மகன் பக்கத்தில். அவன் கே.ஆர்.புரத்தில் இறங்கினால் இவர் இறங்க முடியாது. இறங்காவிட்டால் பங்காரப்பேட்டை, குப்பம், கடைசியில் ஜோலார்பேட்டை. அங்கே பெயரே பதியாத தியானம்.

பதற்றத்தில் இருமிவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த பவுலின் பேச்சை நிறுத்தினாள். ஆண்ட்ரூ போனைக் கவிழ்த்தான். கேரல் கம்பிக்கு நடுவே தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மூவரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் பாட்டிலை வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார்.

பவுலின்தான் சொன்னாள்.

"டேய், இறங்குடா. காரை நோ பார்க்கிங்ல விட்டுட்டு டாடிக்குத் துணையாம். அவரு என்ன எல்.கே.ஜி.க்கா போறாரு?"

"கேரல் ஓட்டுவா மம்மி."

"அவ ஓட்டி நான் உக்காரவா? போன வாரம் அல்சூர் சிக்னல்ல அவ போட்ட பிரேக்ல என் பல்செட்டு முன் சீட்டுக்குப் போயிடுச்சு. இறங்கு."

கேரல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறு வருடமாக ஒரு கீறல் இல்லாமல் வண்டி ஓட்டுகிறவள்.

வகுப்பில் மூன்றாவது பாடம் மாமியாரும் மருமகளும். வேறு நாளாக இருந்தால் சில்வெஸ்டர் அதைப் பிளாட்பாரத்திலேயே நடத்தியிருப்பார். இன்று, மடியில் இருந்த பச்சைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வழிக்குச் சப்பாத்தி என்று கேரல் காலையில் கொடுத்த பை.

ஆண்ட்ரூ முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். அவன் கால் தரையில் பட்டதும் வண்டி நகர்ந்தது.

மூவரும் கையாட்டினார்கள். சில்வெஸ்டரும் ஆட்டினார். பாவம், தலைவன் இல்லாத வீடு, பத்து நாளை எப்படித்தான் தள்ளப் போகிறார்களோ என்று நினைத்தபோது அவருக்குக் கண்கூடக் கலங்கியது.

பையப்பனஹள்ளி தாண்டியதும், சும்மா ஒருமுறை இருமிப் பார்த்தார்.

எதிர் சீட்டுக்காரர் இட்லியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக.

அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

சில்வெஸ்டர் சாய்ந்து உட்கார்ந்தார். தோள் இரண்டும் தாமாகவே இறங்கின. இத்தனை வருடமாக அவற்றைத் தூக்கிப் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. ஒரு மெசேஜ். பவுலின்.

"கே.ஆர்.புரத்துல ரெண்டு நிமிஷம்தான் நிக்கும், பார்த்து இறங்குங்க. ஆஷ்லி வீட்ல சமைக்க கேஸ் இருக்காம், ஜூலியா சொன்னா."

அவர் மூச்சு விடுவதற்குள் அடுத்தது.

"பையில சப்பாத்தி இல்ல. கேரல் வஞ்சிரம் வறுத்து வச்சிருக்கா. பல்செட்டு கதை, ஆண்ட்ரூ ஏறினதும் அவளே என் காதுல சொல்லிக் குடுத்தது. ஆண்ட்ரூவுக்கு மட்டும் தெரியாது. அவன் உங்கள மாதிரி, தெரிஞ்சா எல்லாரையும் உக்கார வச்சுப் பேசுவான்."

வண்டி வேகம் குறைந்தது. பச்சைப் பையோடு கே.ஆர்.புரம் பிளாட்பாரத்தில் அவர் கால் வைத்தபோது இன்னொன்று வந்தது.

"பத்து நாளும் முழுசா இருந்துட்டு வாங்க. இங்க யாருக்கும் அவசரமில்ல."