வெறுங்கதிரை

றெஜினாவுக்கு விடை பிடிபடவில்லை. கைபேசியில் ஒரு படம்: கடல், மணல், நீரைப் பார்த்தபடி ஒரு வெறுங்கதிரை. கீழே நாலு எழுத்துக்கு நாலு கட்டங்கள். இது இருவர் சோடியாக ஆடும் ஆட்டம். இருவருக்கும் ஒரே படம்தான் வரும். இருவரும் அன்றே விடை சொன்னால்தான் சோடி நிலைக்கும். தவறினால் ஆட்டம் ஆளை மாற்றிவிடும். அவளுடைய சோடி, நோர்வேயில் மாமியோடு வளரும் மகள். சண்டைக் காலத்தில் ஏழு வயதில் அனுப்பிய பிள்ளை, தொலைபேசியில் "ஓம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். இந்த ஆட்டத்துக்கு மட்டும் நாள் தவறாமல் வருகிறாள். சரியான விடை போட்டு, அவள் பக்கம் காலையிலேயே பச்சையாகிவிட்டது.

அரிப்பு ஊரின் கரையில் வெயில் சாய்கிறது. மீள்குடியேறியபோது போட்ட தகரக் கொட்டிலின் நிழலில் கணவன் மில்ரன் கிழிந்த வலையைப் பொத்துகிறான். "கரைவலை எண்டு போட்டுப் பாரும்," என்கிறான். போடுகிறாள்; சிவப்பு. "உங்களுக்கு வலையை விட்டா வேற என்ன தெரியும்?" "கடலெண்டா வேற என்னத்துக்கப்பா?" கதிரையில் ஆளில்லை, கடலுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லையாக்கும் என்று எண்ணி "காத்திரு" என்று போடுகிறாள். அதுவும் சிவப்பு. இன்னும் ஒரு தடவைதான் மிச்சம். மகள் போன மாதம் அனுப்பிய படத்தைத் திறக்கிறாள். அதே மாதிரிக் கடல், அதே மாதிரிக் கதிரை, அதில் கறுப்புக் கண்ணாடியோடு மகள் சாய்ந்திருக்கிறாள். பின்னால் ஒரு மீன்பிடி வள்ளமும் இல்லை. றெஜினா வெகுநேரம் அதையே பார்க்கிறாள். கடல் தனக்கு என்ன என்று கேட்பதை விட்டு, மகளுக்கு என்ன என்று கேட்க வேண்டும். விடை: விடுமுறை.